பதினொன்றைக் கழித்தால்

மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் பனிமலை இறங்கி வருகிறவளுக்கு, ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு என்பது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரம். யார் கேட்டாலும் சுகிர்தா கையை விரித்துக் காட்டி இதைச் சொல்வாள். "அவ்வளவுதானா?" என்பார்கள். அந்த அவ்வளவில்தான் ஒருத்தி பதக்கத்தோடும் இன்னொருத்தி வெறுங்கழுத்தோடும் வீட்டுக்குப் போகிறாள் என்று அவள் விளக்கப் போனால், கேட்டவர்கள் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சுகிர்தாவுக்கு நாற்பத்தேழு வயது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு சுவிற்சர்லாந்துக்கு வந்து, கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பீல் நகரத்தில் வளர்ந்தவள். கிழமை நாட்களில் கடிகாரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. குளிர்காலத்துச் சனி, ஞாயிறுகளில் பனிச்சறுக்குப் போட்டிகளில் கைநேரம் எடுக்கும் அதிகாரி. இருபது வருடமாக இதே பிழைப்பு.

கைநேரம் என்றால் இதுதான். வீராங்கனை கடக்கும் கணத்தை ஒளிக்கதிர் ஒன்று எடுத்துக்கொள்ளும். ஆனாலும் கதிர் செத்துப்போனால் என்ன செய்வது என்று விதிப்புத்தகம் இன்னமும் பயப்படுவதால், ஒரு மனுஷி நிறுத்துகடிகாரத்தோடு பக்கத்தில் நின்று தானும் பொத்தானை அமுக்க வேண்டும். எந்த மனுஷியின் பெருவிரலும் கொஞ்சம் பிந்தித்தான் அமுக்கும். அதில் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிந்த வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேருக்கு எவ்வளவு பிந்தினாய் என்று பார்த்து, சராசரியைக் கழித்தால் உண்மை நேரம் வந்துவிடும். சுகிர்தாவின் பெருவிரல் விநாடியின் நூறில் பதினொரு பங்கு பிந்தும். காய்ச்சலில் நின்றாலும் பதினொன்று, கால் விறைத்து நின்றாலும் பதினொன்று. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் 'பதினொன்று' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. பிழை இருக்கலாம், ஆனால் அசையக் கூடாது. அசையாத பிழையைக் கழித்துவிடலாம். கடிகாரத்துக்கு மட்டுமல்ல, புருஷனுக்கும் அயலட்டைச் சனத்துக்கும் இந்தக் கணக்கே போதும் என்று அவள் நம்பியிருந்தாள்.

நாலு குளிர்காலத்துக்கு முன் ஒரு புதுமை வந்தது. போட்டிகளுக்கு நேரம் எடுக்கும் கொம்பனி, வீராங்கனைகளின் பனிக்கண்ணாடிக்குள் ஒரு கோட்டை ஓடவிட்டது. பாதை நெடுக மூன்று இடங்களில் இடைநேரக் கம்பங்கள் நிற்கும். ஒவ்வொன்றையும் கடக்கும்போது, அதுவரை முதலிடத்தில் இருப்பவளைவிட நீ முந்தினால் கோடு பச்சை, பிந்தினால் சிவப்பு, பக்கத்தில் எவ்வளவு என்ற எண். அதே நிறமும் எண்ணும் எல்லைக்கோட்டுப் பெரிய திரையிலும் தொலைக்காட்சியிலும் வரும். முன்பெல்லாம் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் தன் கதி தெரியும். இப்போது ஓடும்போதே தெரிந்தது. சனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அந்தக் கோட்டால் பெயர் பெற்றவள் சாருகா. இருபத்திநாலு வயது. சுகிர்தாவோடு ஒரே மேசையில் கடிகாரம் சோதித்த ரஞ்சனியின் மகள். ஆறு வயதில் அவளுக்கு முதற் சறுக்குச் சப்பாத்தை, யாரோ கழித்துவிட்ட சோடிதான், கால் கொள்ளப் பஞ்சடைத்துப் போட்டுவிட்டவள் சுகிர்தா. இரத்த உறவு இல்லை என்று ஒவ்வொரு வருடமும் அதிகாரிகள் படிவத்தில் கையெழுத்து வைப்பாள். அது உண்மை. ஆனால் வேறு உறவு உண்டா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

சாருகாவின் ஓட்டம் எப்போதும் ஒரே மாதிரித்தான். முதற் கம்பத்தில் சிவப்பு. இரண்டாவதில் சிவப்பு. மூன்றாவதிலும் சிவப்பு. பிறகு கடைசி இருபது விநாடியில் எதைக் கண்டு ஓடுகிறாளோ தெரியாது, ஒரு பாய்ச்சல் பாய்ந்து எல்லைக்கோட்டில் முந்திவிடுவாள். மூன்று குளிர்காலத்தில் ஏழு வெற்றி, ஏழும் அப்படியே. தமிழ் வானொலிக்காரர் தொண்டை கிழியக் கத்துவார்கள். பின்னால் நின்று பிடிப்பது நம் ஆட்களின் குணம் என்று ஒருவர் மேடையில் பேசிக் கைதட்டும் வாங்கினார். சுகிர்தாவும் கைதட்டினாள்.

டிசம்பரில் நடந்த போட்டியன்று பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. இடைநேரக் கதிர்கள் அடிக்கடி மங்கியதால், வழக்கத்துக்கு மாறாக அங்கேயும் கைநேரம் எடுக்கச் சொல்லி, சுகிர்தாவை மூன்றாம் கம்பத்தருகே நிறுத்தினார்கள். சாருகா அவள் முன்னால் சீறிக்கொண்டு போனாள். சுகிர்தா அமுக்கினாள். அடுத்த வளைவுக்குக் கிராபன் என்று பெயர். இரண்டு பக்கமும் மேடேறிய, தரை பனிக்கட்டியாய் இறுகிய ஒரு பள்ளம். புத்தியுள்ளவர்கள் சுற்றிப் போவார்கள். சாருகா நேரே அதற்குள் பாய்ந்து விழுந்தாள். ஓரத்துத் தடுப்பு வலையில் அடிபட்ட சத்தம் சுகிர்தாவுக்கு வடிவாக, துல்லியமாகக் கேட்டது. அப்போதும் அவள் அடுத்தவளுக்காகப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தொழிலை அன்று அவள் வெறுத்தாள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. காறை எலும்பு இரண்டு துண்டு, தலைக்குள் ஒரு அதிர்ச்சி. ஒன்பது கிழமை ஓய்வு என்றார்கள்.

மறுநாள் தாளை நிரப்பும்போதுதான் சுகிர்தா அதைக் கண்டாள். சாருகாவின் வரிசையில், அவள் பெருவிரல் கதிருக்குப் பதினொன்று பிந்தியிருக்கவில்லை. பதினாறு முந்தியிருந்தது. அதாவது சாருகா கம்பத்தை அடையுமுன்பே அமுக்கியிருக்கிறாள். இருபது வருடத்தில் அவள் கதிரை முந்தி அமுக்கியதே கிடையாது.

நேர அதிகாரிகளுக்குத் தலைவி வெரேனா. அறுபது வயது, கூரான மூக்கு, கூரான வாய். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "உன் பிள்ளை வருகிறாள் என்றதும் விரல் அவசரப்பட்டுவிட்டது, இது யாருக்கும் நடக்கும்" என்றாள். ஓரத்தில் 'கைப்பிழை' என்று எழுதிக் கோப்பில் போட்டாள். சுகிர்தாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். கூசிப்போனாள். இத்தனை வருடம் கட்டிக்காத்த விரல் பாசத்துக்கு விலைபோய்விட்டதே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், குற்றத்தை முழுதாக அளந்துவிடுவோம் என்று அன்றைய ஓட்டத்தின் இருபத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பத்தொன்பது பேருக்குப் பதினொன்று, மயிரளவும் பிசகவில்லை. மீதி ஒன்பது பேருக்குக் கண்டபடி. ஒரு நோர்வேக்காரிக்கு முப்பது பிந்தியிருந்தது. ஒரு இத்தாலிக்காரிக்கு ஐந்து முந்தியிருந்தது. அந்த இத்தாலிக்காரியை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. அவள்மீது இவள் விரலுக்கு என்ன பாசம்?

விரல் பிழை விடவில்லை என்றால், கதிர்தான் பிழை விட்டிருக்க வேண்டும். பதினொன்றைக் கழித்துக் கணக்குப் போட்டாள். மூன்றாம் கம்பத்தில் சாருகா உண்மையில் இருபது முந்தியிருந்தாள். அவளுடைய கண்ணாடியிலும் உலகத்துத் தொலைக்காட்சியிலும் வந்தது, சிவப்பு, ஏழு பிந்தல்.

கொம்பனியின் பொறியியலாளன் உர்ஸ் அவளுக்குப் பழக்கமானவன். தாடிவைத்த, நல்ல சுபாவமுள்ள மனிதன். குளிரில் நிற்கிறாளே என்று அவளுக்குச் சூடான தேநீர்க் குடுவை கொண்டுவந்து தருகிறவன். பீல் புகையிரத நிலையத்துக் கோப்பிக் கடையில் அவனைப் பிடித்து, தாளை முன்னால் வைத்தாள். அவன் தாளை வரிவரியாகப் பார்த்தான். மறுப்பான் என்று நினைத்தாள். மறுக்கவில்லை.

"எல்லைக்கோட்டில் எடுப்பதுதான் நேரம், சுகிர்தா. அதில் நாங்கள் கை வைப்பதில்லை, ஒருக்காலும். நடுவில் காட்டுவது நேரமில்லை. அது ஓடுகிறவளோடு ஒரு பேச்சு."

"பேச்சா, பொய்யா?"

அவன் விளக்கினான். போட்டிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், எல்லாரும் தங்கள் உச்சத்தில் ஓட வேண்டும் என்று மட்டும்தான் நிறத்தைத் தீர்மானிக்கும் கணினி அமைப்பிடம் சொல்லிவைத்தார்களாம். நெஞ்சில் கட்டும் பட்டியிலிருந்து நாடித்துடிப்பு அதற்குப் போகிறது, சப்பாத்திலிருந்து காலின் அழுத்தம் போகிறது. எந்த நிறம் யாரை எப்படி ஓட்டுகிறது என்று அது தானாகவே படித்துக்கொண்டது. சிலருக்குப் பச்சை கண்டால் வேகம் கூடும். பலருக்கு உண்மையைக் காட்டினாலே போதும். சிலருக்குச் சிவப்புத்தான் சவுக்கு. யாரும் அதற்குப் பொய் சொல்லக் கற்பிக்கவில்லை. கண்டுபிடித்தபோது யாரும் நிறுத்தவும் இல்லை. தன் கணினியைத் திறந்து சாருகாவின் பக்கத்தைக் காட்டினான். மூன்று குளிர்காலம், நூற்றுக்கு மேற்பட்ட கம்பங்கள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. பக்கத்து நிரலில் அவளுடைய உண்மை இடைநேரங்கள். முக்கால்வாசிக்கு மேல் அவள்தான் முன்னால்.

"அவள் விழுந்தாளே," என்றாள் சுகிர்தா.

"விழுவதையும் அது கணக்கில் எடுக்கிறது. ஆனால் கொஞ்சமாகத்தான்," என்றான் உர்ஸ். அவன் முகம் சிவந்திருந்தது.

அவள் வெரேனாவிடம் திரும்பப் போனாள். வெரேனா விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள். எல்லைக்கோட்டு நேரமே முடிவு. இடைநேரங்கள் தகவலுக்கு மட்டும். தகவல் பிழை என்று முறையிட விதியில் இடமில்லை. வெரேனாவுக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் விதியில் இல்லாத ஒன்றை அவள் எந்தப் படிவத்தில் எழுதுவாள்?

மிச்சமிருந்தது சாருகாதான். அவளிடம் சொல்வதா, விடுவதா? சொல்லாவிட்டால் பெப்ரவரிக் கடைசியில் பிள்ளை திரும்பவும் அதே மலையில், அதே கிராபன் வளைவில், அதே சிவப்பைப் பார்த்துக்கொண்டு விழுவாள். அடுத்த தடவை காறை எலும்போடு நிற்காது. சொன்னால், ஏழு வெற்றியைக் கொண்டுவந்த அந்தப் பாய்ச்சல் போய்விடலாம். அதுதான் அவளுடைய பெயர், அதுதான் அவளுடைய வாழ்க்கை. ஒரு கிழமை சுகிர்தா இதையே போட்டு உழப்பினாள். கடைசியில், உயிரைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாருகாவை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சாருகாவின் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. தாளைக் காட்டி, உர்ஸ் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள் சுகிர்தா. சாருகா ஆத்திரப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கரையேறும் வாத்துக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒருநாளும் பச்சை கண்டதில்லை, அன்ரி. மற்றவள்களிட்டக் கேட்டிருக்கிறன், பச்சை வந்தா எப்பிடியிருக்கும் எண்டு. சிரிப்பாளவை."

"நீ ஒருநாளும் பின்னுக்கு நிண்டு பிடிக்கேல்லைப் பிள்ளை. நீ முன்னுக்குத்தான் நிண்டனி."

இதைச் சொன்னதும்தான் சாருகா அழுதாள். சத்தமில்லாமல், ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு போட்டி முடிந்தும், இன்றைக்கும் எப்படியோ தப்பிவிட்டேன், நாளைக்குப் பிடிபட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் படுப்பாளாம். மேடையில் நிற்கும்போதுகூட, இது எனக்குரிய இடமில்லை, கடைசி நேரத்தில் களவாக ஏறி நிற்கிறேன் என்று ஒரு கூச்சம் இருக்குமாம். மூன்று வருடம். சுகிர்தாவுக்கு அந்தக் கொம்பனியையே தூக்கி ஏரியில் போட வேண்டும்போல் வந்தது.

கண்ணாடியை மாற்றிவிட்டு ஓடு என்று சொல்லிப் பார்த்தாள். அது நடக்காத காரியம். கோடில்லாத கண்ணாடிக்குப் போட்டியில் அனுமதி போன வருடமே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் ஓட முடியாது. அப்போதுதான் சுகிர்தாவின் தொழிற்புத்தி வேலை செய்தது. பிழை என்றால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே.

"இஞ்ச பார். பிழை எவ்வளவு எண்டு தெரிஞ்சா, கழிச்சிட்டுப் போகலாம். உனக்கு அது அனேகமா மாறித்தான் காட்டுது. சிவப்புக் கண்டா, நான் முன்னுக்கு நிக்கிறன் எண்டு எடு. கிராபனைச் சுத்திப் போ. விளங்குதே?"

சாருகா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஆறு வயதுப் பிள்ளை தெரிந்தது. "அப்ப இனிச் சிவப்புத்தான் எனக்குப் பச்சை," என்றாள்.

பெப்ரவரிக் கடைசிச் சனி. வானம் கழுவித் துடைத்ததுபோல் தெளிவு. அதே ஹோர்ன்மாட் மலையடிவாரத்தில் பதினைந்தாயிரம் பேர் கூடியிருந்தார்கள், பீலிலிருந்து மட்டும் மூன்று பஸ் நிறையத் தமிழாட்கள் வந்திருந்தார்கள். கதிர் மங்காத நாள் என்பதால் இடைநேரக் கம்பங்களில் ஆளில்லை. சுகிர்தாவை எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்தார்கள், கையில் நிறுத்துகடிகாரம், கக்கத்தில் தாள். சாருகாவின் மார்பு எண் பன்னிரண்டு. முதல் பதினொரு பேருக்கும் அவளுடைய விரல் பதினொன்றுதான்.

சாருகா புறப்பட்டாள். முதற் கம்பத்தில் பெரிய திரை சிவந்தது, ஐந்து பிந்தல். சனம் சந்தோஷமாக முணுமுணுத்தது, எதிர்பார்த்ததுதானே. இரண்டாம் கம்பம், சிவப்பு, ஒன்பது. ஆனால் சுகிர்தா நிறத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். சாருகா இவ்வளவு அமைதியாக ஓடி அவள் கண்டதில்லை. முழங்கால் பதறவில்லை, கை வீசவில்லை. தன் வீட்டு மாடிப்படி இறங்குகிறவள் மாதிரி வந்தாள். தான் முன்னால் நிற்கிறேன் என்று தெரிந்த ஒருத்தியின் ஓட்டம். நல்லதைத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

மூன்றாம் கம்பத்தில் திரை பச்சையானது.

பதினைந்தாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சாருகாவுக்குப் பச்சை, பதினெட்டு முந்தல். பீல் பஸ்காரர்கள் கொடியை ஆட்டினார்கள். சுகிர்தா மட்டும் நின்ற இடத்தில் விறைத்துப்போனாள். சிவப்புக் கண்டால் முன்னால் நிற்கிறாய் என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். அப்படியானால் பச்சை கண்டால்? பிள்ளை என்ன நினைப்பாள் என்று அவளுக்கு ஒரு விநாடிக்குள் விளங்கிவிட்டது. இவ்வளவு நேரம் முந்தி வந்தவள், இப்போது பிந்திவிட்டேன் என்று நினைப்பாள். அதுவும் பதினெட்டு.

கத்தி என்ன பயன்? மேலே கிராபன், கீழே எல்லைக்கோடு, நடுவில் அறுநூறு மீற்றர் காற்று. திரையில் சாருகா உடம்பை மடக்கினாள். சுற்றிப் போகவில்லை. டிசம்பரில் விழுந்த அதே கோட்டில், அதைவிட நேராக, பள்ளத்துக்குள் பாய்ந்தாள். இடது சறுக்கு தரையை விட்டது. கை பனியில் உராய்ந்து வெண்புகை கிளம்பியது. சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டத்தின் சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தாள். சாருகா எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், பனியில் மல்லாந்து கிடந்தாள். விழுந்து கிடக்கவில்லை, களைப்பில் கிடந்தாள். திரையில் முதலிடம். இரண்டாவதாக இருப்பவளைவிட நாற்பத்துநாலு முந்தல். அந்த மலையில் எந்தப் பெண்ணும் இவ்வளவு விரைவாக இறங்கியதில்லை என்று ஒலிபெருக்கி சொன்னது.

சுகிர்தா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் அமுக்கியிருக்கவில்லை. பன்னிரண்டாம் வரிசை வெறுமையாக இருந்தது. பக்கத்தில் வந்த வெரேனாவும் அதைக் கண்டாள். கண்டும், வழக்கமான கூர்மை எதுவுமில்லாமல், கதிரின் நேரத்தோடு பதினொன்றைக் கூட்டி எழுதிவிடு, உன் விரலைத் தெரியாதவர்கள் இங்கே யார் என்று மெல்லச் சொன்னாள். சுகிர்தா பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டு, எழுதாமல் திரும்பச் சட்டைப் பையில் வைத்தாள்.

இடையில் ஒளிபரப்புக்காக ஓட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடைவேளையில் உர்ஸ் ஓடி வந்தான், கையில் வழக்கமான தேநீர்க் குடுவை. அவன் கண்களில் பயமும் இருந்தது, ஒரு பிள்ளைத்தனமான குதூகலமும் இருந்தது. இரண்டாம் கம்பத்தில் சிவப்புக் காட்டியபோது அவளுடைய நாடி ஏறவில்லை என்றான். மூன்று வருடத்தில் முதல் தடவையாம். சவுக்கு வலிக்கவில்லை என்று அது கண்டுகொண்டு, அடுத்த கம்பத்துக்குள் நிறத்தை மாற்றிவிட்டது. பச்சை கண்டதும் நாடி எங்கே போனது தெரியுமா என்று கேட்டு, கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினான்.

"மூன்றாம் கம்பத்தில் அவள் உண்மையில் முன்னாலா, பின்னாலா?" என்று சுகிர்தா கேட்டாள்.

உர்ஸ் தோளைக் குலுக்கினான். பார்த்துச் சொல்லலாம், ஆனால் அதுவா இப்போது முக்கியம் என்பது போலிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்கள் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சுகிர்தா. ஆனால் கொம்பனியில் மேலே இருப்பவர்களும் எண்களைப் பார்த்துவிட்டார்கள். பொய் நிறம் காட்டும் பட்டியலில் இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்த எட்டுப் பேரிடமும் உண்மையைச் சொன்னால் நல்லது என்று மேலிடத்தாரே நினைக்கிறார்கள். சொல்வதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?"

அவன் கெட்டவன் இல்லை. அவன் தந்த தேநீர் சூடாகத்தான் இருந்தது. சுகிர்தா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தான் ஏரிக்கரையில் பிள்ளைக்குக் கொடுத்தது என்ன என்று யோசித்தாள். உண்மையைக் கொடுத்ததாக நினைத்தாள். அந்தப் பொல்லாத இயந்திரத்துக்கு அது இன்னொரு சவுக்காகப் போய்விட்டது. அவளுடைய விரல் இருபது வருடம் அசையாமல் நின்றது, பிழை என்றால் அசையாமல் நிற்கும் என்றே அவளும் நினைத்துவிட்டாள். பார்த்துப் பார்த்து நகரும் பிழையை எதைக்கொண்டு கழிப்பது?

வேலிக்கு அந்தப் பக்கம் சாருகா வந்து நின்றாள். தலைக்கவசம் கழற்றியிருந்தாள், கன்னத்தில் பனி ஒட்டியிருந்தது. சிரிக்கிறாளா பயந்திருக்கிறாளா என்று அவளுக்கே தெரியாத ஒரு முகம்.

"பச்சை வந்தது அன்ரி. கடைசியா வந்திட்டுது. நான் பின்னுக்குப் போயிட்டன் எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினாள். "உண்மையில நான் எங்க நிண்டனான்?"

"தெரியாது பிள்ளை."

தன் தொழிலில் இந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சாருகா அவளை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப வாற சனி எந்த நிறத்தை நம்பிறது?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். ஒன்றையும் நம்பாதே என்று சொல்லலாம். இரண்டையும் நம்பு என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். நெஞ்சுக்கு மேலே அந்தப் பட்டி இருக்கிறது. சாருகாவின் இறுகிய உடுப்புக்குக் கீழே, கழுத்துப் பக்கமாக, அதன் சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. உர்ஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதல்ல உந்தப் பட்டியைக் கழட்டிப்போட்டு வா. பிறகு கதைப்பம்."

சாருகா நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அது இன்னும் அங்கே இருப்பதை மறந்துபோனவள்போல் சிரித்தாள்.

"இப்ப கழட்டலாம் அன்ரி. நீங்கள் சொல்லுறதைக் கேட்டிட்டு, சனிக்கிழமை திரும்பப் போடத்தானே வேணும்."

மேலே மணி அடித்தது. பதின்மூன்றாம் எண்காரி புறப்பட்டுவிட்டாள். சுகிர்தா குடுவையைப் பனியில் வைத்துவிட்டு, எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பி, பொத்தானில் பெருவிரலை வைத்தாள்.